ஏமாற்றிய கேம்: பணத்தைத் திரும்பக் கேட்பதா, பேட்சுக்குக் காத்திருப்பதா, நாமே சரிசெய்வதா?

ஆசையாய் வாங்கிய கேம் முதல் ஒரு மணி நேரத்திலேயே எரிச்சலூட்டினால் மூன்று வழிகள் இருக்கின்றன. பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஓரமாக வைத்துவிட்டு பேட்ச் (குறைகளைத் திருத்த நிறுவனம் வெளியிடும் புதுப்பிப்பு) வரும்வரை காத்திருக்கலாம். செட்டிங்ஸிலோ, ரசிகர்கள் உருவாக்கித் தரும் மாற்றக் கோப்பான மோடிலோ கைவைத்து நாமே சரிசெய்து பார்க்கலாம். எந்த வழி சரி என்பதைத் தீர்மானிப்பது விமர்சன மதிப்பெண் அல்ல, கேமில் இருக்கும் குறை எந்த வகை என்பதே. பத்துக்கு ஐந்து வாங்கிய இரண்டு கேம்களில் ஒன்றின் குறை நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். மற்றொன்றின் குறை எந்தக் காலத்திலும் தீராது. மதிப்பெண் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

அதனால் குறையை இனம் காண்பதுதான் முதல் வேலை.

ஓட்டத்தில் உள்ள குறை

கேம் திக்கித் திக்கி ஓடுவது, கிராஷ் ஆவது, படம் மங்கலாகத் தெரிவது எல்லாம் இந்த வகை. விநாடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப்படம்) என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. 59 ஃப்ரேம் சரியாக வந்து ஒன்று மட்டும் 150 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால், திரையின் மூலையில் உள்ள எண் ஐம்பதுக்கு மேலேயே காட்டும். ஆனால் கைக்கு அந்தத் தடுமாற்றம் உடனே தெரியும். சராசரி எண்ணை நம்பி "என் கணினியில் நன்றாகத்தான் ஓடுகிறது" என்று முடிவு கட்டக்கூடாது. ஃப்ரேம் டைம் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். கோடு தட்டையாக இருந்தால் நல்லது. முள் முள்ளாக மேலே குத்தினால் பிரச்சினை.

அந்த முள் எங்கே குத்துகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிடித்துவிடலாம். புதிய எதிரி, புதிய வெடிப்பு முதல் தடவை திரையில் வரும்போது மட்டும் திக்கி, அதே இடத்தை இரண்டாம் தடவை விளையாடும்போது திக்காவிட்டால், அது ஷேடர் கம்பைலேஷன். கிராஃபிக்ஸ் கார்டுக்கான சிறு நிரல்களை முன்கூட்டியே தயார் செய்யாமல், தேவைப்படும் நொடியில் கேம் தயாரிக்கிறது என்று பொருள். 2022 டிசம்பரில் கணினிக்கு வந்த 'தி கலிஸ்டோ புரோட்டோகால்' இதனால்தான் முதல் நாளிலேயே வசவு வாங்கியது. அடுத்தடுத்து வந்த பேட்சுகள் நிலைமையை மாற்றின. எத்தனை முறை போனாலும் ஒரே கதவருகில், ஒரே தெருமுனையில் திக்கினால், அடுத்த பகுதியை டிஸ்கிலிருந்து ஏற்றுவதில் சிக்கல். கேமராவைத் திருப்பும்போது திக்கி, சுவர்கள் களிமண் பூசியதுபோல் தெரிந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பி வழிகிறது. ரெசல்யூஷனைக் குறைத்தும் ஃப்ரேம் எண்ணிக்கை ஏறவே இல்லை என்றால் தடை பிராசஸரில் இருக்கிறது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் எதைப் போட்டாலும் பெரிய பலன் இராது.

ஓட்டக் குறைகள் பெரும்பாலும் தீரக்கூடியவை. நிறுவனத்துக்கும் அவை என்னவென்று தெரியும், எண்ணால் அளக்கவும் முடியும்.

எண்களில் உள்ள குறை

ஒரு கவசம் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கிடைக்கிறது, எதிரி எத்தனை குண்டுக்குச் சாகிறான், ஒரு கதாபாத்திரத்தைத் திறக்க எவ்வளவு கிரெடிட் (கேமுக்குள் சம்பாதிக்கும் பணம்) வேண்டும் என்பவை எல்லாம் ஓர் அட்டவணையில் உள்ள எண்கள். அவற்றை மாற்றுவது எளிது. 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' 2017 நவம்பரில் வந்தபோது டார்த் வேடரைத் திறக்க 60,000 கிரெடிட் கேட்டது. ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டதில் சுமார் 40 மணி நேர உழைப்பு. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அதை 15,000 ஆக்கினார்கள். ஆனால் கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசையும் அதே கையோடு 20,000-இலிருந்து 5,000 ஆகக் குறைத்தார்கள். எண்ணைத் திருத்திவிட்டோம் என்று அறிவிப்பு வந்தால், வரவு செலவு இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். 2018 மார்ச்சில் முன்னேற்ற முறையையே மாற்றிய பிறகுதான் அந்த கேம் நிமிர்ந்தது.

'டயாப்லோ 3' இன்னும் நல்ல உதாரணம். 2012 மே மாதம் வந்தபோது அதில் ஏலக்கூடம் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து நிஜப் பணத்துக்கும் பொருள் வாங்கலாம், விற்கலாம் என்றானது. அரக்கனைக் கொன்றால் விழுவது பெரும்பாலும் வேறு வகை வீரனுக்கான பொருள். நல்ல வாள் வேண்டுமென்றால் சண்டையைவிட ஏலக்கூடமே குறுக்குவழி. கொல்வதும் பொறுக்குவதும்தான் அந்த கேமின் உயிர். அந்த உயிரையே ஏலக்கூடம் உறிஞ்சிவிட்டது. 2014 பிப்ரவரியில் வந்த பேட்ச், விழும் பொருள்கள் பெரும்பாலும் நம் வீரனுக்கே பொருந்துமாறு செய்தது. மார்ச் 18 அன்று ஏலக்கூடத்தை மூடினார்கள். சண்டைமுறை பெரிதாக மாறவில்லை, ஆனால் விளையாடும்போது புது கேம்போல இருந்தது. அடிப்படைச் சண்டை சுகமாக இருந்து, பரிசு மட்டும் கசந்தால், அந்த கேமுக்கு எதிர்காலம் உண்டு.

எலும்புக்கூட்டில் உள்ள குறை

மோசமான வகை இதுதான். பணிகளின் அமைப்பு, எதிரியின் அறிவு, கதை நடக்கும் விதம், உலகத்தைக் கட்டிய முறை இதில் அடங்கும். 2019 பிப்ரவரியில் வந்த 'ஆந்தம்' கேமில் பறப்பது அருமையாக இருந்தது. கவசம் சூடேறுவதற்குள் அருவியில் நனைந்து குளிர்வித்துக்கொண்டு தொடர்ந்து பறக்க முடிந்தது. அந்த நிமிடங்களுக்காகவே அதை நேசித்தவர்கள் உண்டு. ஆனால் பறப்பதைச் சுற்றி இருந்தது என்ன? கோட்டைக்குள் ஆமை வேக நடை. பணிக்குப் போக ஒரு லோடிங் திரை, குகைக்குள் நுழைய இன்னொன்று, கவசத்தில் ஆயுதம் மாற்ற மற்றொன்று. பணியின் நடுவே கிடைத்த துப்பாக்கியை அங்கேயே போட்டுப் பார்க்கவும் முடியவில்லை. போதாததற்கு, முதல் லெவலில் கையில் கொடுக்கப்படும் டிஃபெண்டர் துப்பாக்கி உச்ச லெவல் துப்பாக்கிகளைவிட வேகமாக எதிரியை வீழ்த்துவதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இதில் கடைசியாகச் சொன்னது மட்டுமே எண் குறை. மற்றவை எலும்பு. மறுகட்டமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கிய தயாரிப்பு நிறுவனமான பயோவேர், 2021 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. 2025-இல் அறிவித்தபடி, 2026 ஜனவரி 12 அன்று சர்வரையும் நிறுத்திவிட்டார்கள்.

எலும்பைச் சரிசெய்ய முடியாது என்பதல்ல. 2010-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 14' அப்படித்தான் மீண்டது. ஆனால் அதற்காகப் பழைய கேமை 2012 நவம்பரில் மூடிவிட்டு, 2013 ஆகஸ்டில் புதிதாகவே கட்டி வெளியிட்டார்கள். அத்தனை செலவு செய்ய எந்த நிறுவனமும் எளிதில் முன்வருவதில்லை.

எது எந்த வகை என்று குழம்பினால் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த கேம் ஒரு பக்கும் இல்லாமல், 60 ஃப்ரேமில் வழுக்கிக்கொண்டு ஓடினால், அடுத்த பணியை ஆரம்பிக்கத் தோன்றுமா? தோன்றினால் குறை ஓட்டத்தில். "இல்லை, அதே மூன்று வேலையைத்தானே திரும்பச் செய்யச் சொல்லும்" என்று மனம் சொன்னால் குறை எலும்பில்.

முதல் வழி: பணத்தைத் திரும்பக் கேட்பது

எலும்புக் குறை தெரிந்த மறுநிமிடமே இதைச் செய்ய வேண்டும். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். உதவிப் பக்கத்தில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து, கேமைத் தேர்ந்து, பணம் திரும்ப வேண்டும் என்று பதிந்தால் போதும். செலுத்திய வழியிலேயே திருப்ப முடியாவிட்டால் ஸ்டீம் வாலெட்டில் சேரும். தொகுப்பாக வாங்கியிருந்தால் அதில் உள்ள எல்லா கேம்களுக்கும் சேர்த்துத்தான் 2 மணி. வாங்கிய சில நாளில் தள்ளுபடி வந்துவிட்டால், திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு உடனே வாங்குவதையும் ஸ்டீம் தவறாகக் கருதுவதில்லை. அதன் விதிகளிலேயே இது எழுதியிருக்கிறது.

எபிக் கடையிலும் 14 நாள், 2 மணி. ஜிஓஜி கடை தாராளம்: 30 நாள், விளையாடியிருந்தாலும் பரவாயில்லை. பிளேஸ்டேஷன் கடையில்தான் கவனம் தேவை. 14 நாள் அவகாசம் இருந்தாலும், டவுன்லோடு தொடங்கிவிட்டால் உரிமை போய்விடும். முன்பதிவு செய்தவர்கள் தானாக டவுன்லோடு ஆகும் வசதியை அணைத்து வைப்பது நல்லது. இல்லையென்றால் நீங்கள் தூங்கும்போது வாய்ப்பு கைநழுவிவிடும். நின்டெண்டோ கடையில் டிஜிட்டலாக வாங்கியதற்குப் பொதுவாகப் பணம் திரும்பாது. அங்கே வாங்கும் முன்பே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் என்பது நினைப்பதைவிடக் குறைவு. கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் நிரல் திறந்திருக்கும் நேரம், மெனுவில் காத்திருக்கும் நேரம் எல்லாம் கணக்கில் சேரும். 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1', சில கணினிகளில் ஷேடர் தயாரிக்கவே ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. பாதி அவகாசம் மெனுவிலேயே கரைந்தது. இப்படி நேர்ந்தால், 2 மணி தாண்டியிருந்தாலும் காரணத்தை எழுதி விண்ணப்பியுங்கள். எல்லை தாண்டியவற்றையும் பரிசீலிப்பதாக ஸ்டீம் சொல்கிறது.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் 15 நிமிடம் செட்டிங்ஸுக்கு. அடுத்த 45 நிமிடம் வெட்டுக் காட்சிகளைத் தவிர்த்துவிட்டு நேரே முதல் சண்டை, முதல் திறந்தவெளிக்குப் போங்கள். ஓட்டக் குறை இதற்குள் வெளிப்பட்டுவிடும். 90-ஆவது நிமிடத்தில் கேமை மூடிவிட்டு யோசியுங்கள். திறந்து வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

ஆனால் எலும்புக் குறை 2 மணியில் தெரியாது. 'சைபர்பங்க் 2077'-இல் கேமின் பெயர் திரையில் வருவதற்கே அதைவிட வெகுநேரம் ஆகும். முதல் சில மணி நேரத்தைத்தான் தயாரிப்பாளர்கள் அதிகமாக மெருகேற்றுகிறார்கள். அதனால் பத்தாவது மணி நேரத்தை வேறொருவர் விளையாடும் வீடியோவை, பேச்சில்லாத ஒன்றாகத் தேடி, 20 நிமிடம் எதையும் ஓட்டிவிடாமல் தொடர்ந்து பாருங்கள். அந்த 20 நிமிடத்தில் அவர் எத்தனை நிமிடம் வரைபடத்தையும் பொருள் பட்டியலையும் மேய்கிறார் என்று எண்ணினாலே விஷயம் விளங்கும்.

இரண்டாம் வழி: காத்திருப்பது

காத்திருப்பதிலும் இரண்டு விதம் உண்டு. பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு காத்திருப்பது ஒன்று, கேமை வைத்துக்கொண்டு காத்திருப்பது மற்றொன்று. முன்னதே எப்போதும் மேல் என்பது எங்கள் துணிபு. சரியாகி வரும்போது விலையும் இறங்கியிருக்கும். சரியாகாவிட்டால் நட்டம் இல்லை. திருப்பித் தரும் அவகாசம் தாண்டியவர்களுக்கு மட்டும்தான் இரண்டாவது.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு நடந்தவற்றைப் பார்க்கலாம். 2015 ஜூன் 23 அன்று கணினிக்கு வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' அவ்வளவு மோசமாக ஓடியதால் ஓரிரு நாளில் விற்பனையையே நிறுத்தினார்கள். மீண்டும் விற்பனைக்கு வந்தது அக்டோபர் 28, நான்கு மாதம். அப்போதும் சிலருக்குத் தீராததால் அந்த ஆண்டு முடியும்வரை முழுப் பணத்தையும் தந்தார்கள். 2016 ஆகஸ்டில் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' கேமில், ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. சேர்ந்து விளையாடும் வசதி முழுமையாக வந்தது 2018 ஜூலையில். ஏறத்தாழ இரண்டு ஆண்டு. 'சைபர்பங்க்' 2020 டிசம்பர் 10 அன்று வந்து, ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து நீக்கப்பட்டு, 2021 ஜூனில் திரும்பியது. 1.5 பேட்ச் வந்தது 14 மாதம் கழித்து, காவல்துறையையும் திறன் மரத்தையும் மாற்றிய 2.0 வந்தது 33 மாதம் கழித்து.

இதில் பலரும் மறக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 2.0 பேட்ச் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவே இல்லை. எந்தக் கருவிகளில் கேம் மிக மோசமாக ஓடியதோ, அந்தக் கருவிகளை வைத்திருந்தவர்கள் மூன்றாண்டு காத்திருந்தும் முழுப் பலன் பெறவில்லை. "இந்த கேம் இப்போது சரியாகிவிட்டதாமே" என்று கேள்விப்பட்டால் எந்தக் கருவியில் என்று கேளுங்கள்.

காத்திருக்கலாமா என்பதற்கு நம்பக்கூடிய அறிகுறி, அந்த நிறுவனத்துக்கு இன்னும் விற்கவேண்டியது மிச்சம் இருக்கிறதா என்பது. 'சைபர்பங்க்' தயாரித்தவர்கள் பெரிய விரிவாக்கம் ஒன்றை விற்க வேண்டியிருந்தது, 2.0 வந்த ஐந்தாம் நாளில் அது வெளியானது. இதற்கு நேர்மாறாக, 2017 மார்ச்சில் வந்த 'மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா'வின் கதைப் பகுதிக்கு இனி பேட்ச் இல்லை என்று அதே ஆகஸ்டில் சொல்லிவிட்டார்கள். 'ரெட்ஃபால்' 2023 மே மாதம் வந்தது. இரத்தக் காட்டேரிகள் பல நேரம் சும்மா நின்றன, தனியாக விளையாடவும் இணையம் வேண்டும், இடையில் நிறுத்தி வைக்கவும் முடியாது. ஓராண்டில் ஸ்டூடியோவையே மூடினார்கள். கடைசி பேட்சில் இணையமின்றி விளையாடவும் நிறுத்தி வைக்கவும் வழி செய்துவிட்டுப் போனார்கள் என்பது மட்டும் ஆறுதல்.

சர்வரை நம்பியே ஓடும் கேமுக்குக் காத்திருப்பது பெரும் ஆபத்து. 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த 'கான்கார்ட்' செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது, இரண்டே வாரம். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள், ஆனால் எல்லா நிறுவனமும் தரும் என்று எண்ணக்கூடாது.

மூன்றாம் வழி: நாமே சரிசெய்வது

கணினியில் விளையாடுபவர்களுக்கு மட்டும் உரியது, ஓட்டக் குறைக்கு நன்றாகப் பொருந்துவது. முதலில் ஷேடர் தயாரிக்கும் வேலை முடியும்வரை மெனுவிலேயே விடுங்கள். பாதியில் குதித்தால் சண்டை நடுவே மீதி வேலை நடக்கும். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் ஷேடரை மறுபடி தயாரிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். 8 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டில் டெக்ஸ்சரை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) உச்சத்திலிருந்து ஒரு படி இறக்குங்கள். கண்ணுக்கு வித்தியாசம் குறைவு, திக்கல் பெருமளவு போகும். அடுத்து நிழல், மூடுபனி. கேம் இன்னும் சுழலும் ஹார்டுடிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பிறகு ஃப்ரேமுக்கு உச்சவரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் (விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பது) 45-க்கும் 60-க்கும் இடையே ஊசலாடுவதைவிட நிலையான 30 கண்ணுக்கு இதம். 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் 40 வையுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக மூன்று சுழற்சி நிற்கும், 25 மில்லிவிநாடியில் கையும் இலகுவாக இருக்கும்.

அமைப்புக் கோப்பில் கைவைத்தால் கிடைக்கும் அதிசயங்களும் உண்டு. 2013-இல் வந்த 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' கேமில் வேற்றுலக உயிர்கள் மதியில்லாமல் நேரே ஓடிவந்து சுடுபட்டுச் சாகும். 2018-இல் பரவலாகத் தெரியவந்த காரணம், அமைப்புக் கோப்பில் 'டெதர்' என்ற ஆங்கிலச் சொல்லில் தவறுதலாக விழுந்த ஒரு கூடுதல் 'ஏ' எழுத்து. எதிரிகளைக் களத்தில் இடம் பிரித்து நிறுத்தும் பகுதி அதனால் இணைக்கப்படாமலே போயிருக்கிறது. நோட்பேடில் திறந்து ஓர் எழுத்தை அழித்தால் அவை பக்கவாட்டில் சுற்றிவந்து தாக்கத் தொடங்கும். ஆனாலும் அந்த கேமின் கதையும் பணிகளும் மேம்பட்டுவிடவில்லை.

இந்த வழியின் எல்லை அதுதான். 'ஆர்க்கம் நைட்'டின் 30 ஃப்ரேம் பூட்டை அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றி எவரும் திறக்க முடிந்தது. காரில் வேகமாகப் போகும்போது நகரத்தை ஏற்றுவதில் வந்த திக்கலை எவராலும் தீர்க்க முடியவில்லை. 2012-இல் கணினிக்கு வந்த 'டார்க் சோல்ஸ்' உள்ளுக்குள் 1024-க்கு 720 என்ற அளவிலேயே படம் வரைந்தது. ரசிகர் ஒருவர் வெளியிட்ட மோட் அந்தப் பூட்டை அன்றே உடைத்தது. பின்னர் அதே மோடில் 60 ஃப்ரேமும் வந்தது. ஆனால் கேமின் இயக்க விதிகள் 30-க்காக எழுதப்பட்டவை என்பதால், ஏணியில் சறுக்கி இறங்கினால் தரையைத் துளைத்துக்கொண்டு விழ நேர்ந்தது.

மோட் போடும் முன், விளையாடிய வரை பதிந்திருக்கும் சேவ் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மோட், பத்து நிமிடச் சோதனை, பிறகு அடுத்தது. கேம் புதுப்பிக்கப்பட்டதும் மோட் உடைவது சகஜம். அப்போது எல்லா மோடையும் கழற்றி, ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லி, புதிதாகத் தொடங்குவதே விரைவு. ஆன்லைன் போட்டி கேம்களில் மோடைத் தொடவே வேண்டாம். ஏமாற்றுத் தடுப்பு நிரல் கணக்கையே முடக்கிவிடும்.

மூன்றையும் எடைபோட்டால்

ஓட்டக் குறை, கணினி, 2 மணிக்குள்: ஒரு மணி நேரம் நாமே முயன்று, தீராவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்கி ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். ஓட்டக் குறை, கன்சோல்: நம் கையில் எதுவும் இல்லை, திருப்பித் தர முடிந்தால் தாருங்கள். எண் குறை: காத்திருக்கலாம். எலும்புக் குறை: விலை பாதியானாலும் வேண்டாம், பாதி விலைக்கு வாங்கினாலும் செலவாகும் 30 மணி நேரத்தின் விலை குறைவதில்லை.

காத்திருந்து திரும்பி வருபவர்களுக்கு ஒரு கடைசிக் குறிப்பு. பழைய சேவிலிருந்து தொடராதீர்கள். பாதியில் உடைந்த பணிகளும் பழைய கணக்கில் கூட்டிய திறன்களும் அந்தக் கோப்பிலேயே தங்கிவிடும். 'சைபர்பங்க்' 2.0 வந்தபோது தயாரித்தவர்களே புதிதாகத் தொடங்கச் சொன்னார்கள். பழைய சேவ் கோப்பை அழிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, முதல் பணியிலிருந்து ஆரம்பியுங்கள்.